பதினாலு வீட்டுக்கு ஒரே ஐபி

மலாக்கா மாநிலத்தில் நியாலாஸுக்கு உள்ளே, எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் மட்டும் போய்வருகிற மண் சாலையின் கடைசியில், தோட்டத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய பதினாலு வீடு உள்ள ஒரு லயம் இருக்கிறது. இன்னும் ஆறு வாரத்தில் இருக்காது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய கம்பெனி அந்த இடத்தில் என்ன கட்டப் போகிறது என்பது நமக்கு வேண்டாத கதை. லயத்தில் இருப்பவர்களுக்கு ஜாசின் டவுனில் வீடு தருகிறேன் என்று சொன்னது, அதுதான் கதை. இரண்டு அறை, குழாய்த் தண்ணீர், சொந்தப் பேரில் பத்திரம். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வீட்டில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் பத்திரம் என்ற சொல்லே இனித்தது. ஒரே ஒரு நிபந்தனை: மனுவைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும்.

அதைக் கேட்டதும் பதினாலு வீட்டில் பதிமூன்று வீடு முதல் வீட்டைத்தான் திரும்பிப் பார்த்தது. அங்கேதான் கோமளா இருந்தாள்.

கோமளாவுக்கு நாற்பத்தாறு வயது. இதே லயத்தில் பிறந்தவள். ஐந்தாம் பாரத்தோடு பள்ளியை முடித்து, சில வருடம் தொழிற்சாலையில் சர்க்கியூட் அட்டைகளுக்கு ஈயம் ஒட்டினாள். பிறகு ஜாசினில் கோகுலராஜ் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. தரையைக் கூட்டிக் கணக்குச் சீட்டு எழுதத்தான் அவளைச் சேர்த்தார்கள். ஒரு நாள் கேபிளுக்குத் தலை மாட்டுகிறவன் வரவில்லை, கோமளா எடுத்துப் பார்த்தாள். எட்டு மெல்லிய கம்பிகளை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று வரிசையாகப் பிடித்து, கட்டைவிரலால் நீவி, இடுக்கியால் ஓர் அமுக்கு. முதல் தடவையே சோதனைப் பெட்டியில் எட்டு விளக்கும் எரிந்தது. கோகுலராஜ் அதற்கப்புறம் துடைப்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

கடையில் கேட்ட சொற்களைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை, தானே புரிந்துகொண்டபடி எழுதினாள். ரவுட்டர்: வீட்டு வாசல். சுவிட்ச்: வாசலுக்குள் வந்ததை அறை அறையாகப் பிரித்துவிடுவது. பாக்கெட்: பெரிய கடிதத்தைத் துண்டு துண்டாக்கி எண் போட்டு அனுப்புவது. பிங்: இருக்கிறாயா என்று கேட்பது. பிரைவேட் ஐபி: வீட்டுக்குள் கூப்பிடுகிற பேர். பப்ளிக் ஐபி: ஊருக்குத் தெரிந்த அட்ரஸ். இந்தக் கடைசி இரண்டையும் எழுதியபோது அவள் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

ஃபைபர் கம்பி தோட்டத்துச் சாலை முனையிலுள்ள கம்பத்தோடு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்குத்தான் இணைப்பு, மேற்கொண்டு போர்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கம்பத்துக்குப் பக்கத்து வீடு கோமளாவுடையது. அது ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணியின் வீடாக இருந்தது. இணைப்பு வந்த வாரமே பதினாறு துளையுள்ள ஒரு சுவிட்சை வாங்கி வந்து, கூரைத் தாழ்வாரத்து ஓரமாகவே கேபிளை இழுத்துப் பதிமூன்று வீட்டுக்கும் கொண்டுபோனாள். அவள் புருஷன் சேகரன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அப்போது அவனுக்கு முதுகு நன்றாக இருந்தது. மறுவருடம் செம்பனைக் குலை ஒன்று அவன்மேல் விழுந்ததிலிருந்து முன்னறைக் கட்டில்தான் அவனுக்கு உலகம். தலைமாட்டுச் சுவரில் ரவுட்டர். அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே பகலை ஓட்டுவான். பிள்ளை குட்டி கிடையாது.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கோமளா பதிமூன்று வீட்டுக்கும் பிங் அடிப்பாள். நாலு பாக்கெட் போகும், நாலும் திரும்பி வரும். வீட்டுக்கு ஒரு எண் கொடுத்திருந்தாள்: நூற்றி இரண்டு பக்கத்து வீட்டுத் தேவன், நூற்றிப் பதினாலு கடைசி வீட்டுக் கிழவி முனியாயி. எல்லாம் திரும்பி வந்துவிட்டால் லயம் முழுக்கக் கண் விழித்துவிட்டது என்று அவளுக்கு ஒரு திருப்தி. யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாசலில் முருங்கைக்காயும் பப்பாளியும் தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

அப்படிப்பட்டவளிடம் மனுவைக் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

"போன் டேட்டால போடாதீங்க, பாதிலயே அறுந்துரும். எல்லாரும் நம்ம லைன்ல வந்து போடுங்க. பயமே வேணாம்" என்று அவளேதான் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஐசி என்கிற அடையாள அட்டையும் பழைய சம்பளச் சீட்டுமாக வந்தார்கள். காலை எட்டரைக்கே வந்துவிட்டார்கள், ஆனால் யாரும் தொடங்க விடவில்லை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். ஒன்பதுக்குள் ஒருவருடையதாவது முடித்துவிடலாமே என்று கோமளா கேட்டுப் பார்த்தாள். வீட்டு விஷயம், விளையாடாதே என்றார்கள். பசியாறிக்கொண்டு, பேசிக்கொண்டு, இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பத்து முப்பதுக்கு அவள் மடிக்கணினியைத் திறந்தபோது முனியாயி அதட்டினாள்.

"மொதல்ல ஒன்னோடத போடு கோமளா. ஒனக்குக் கைராசி. நீ தொட்டது எதும் தப்புனதில்ல."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். கோமளாவுக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன். முதலில் தன்னுடையதைப் போட்டாள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பதிமூன்று. பன்னிரண்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. அன்று லயத்தில் இரண்டு கோழி அடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து எல்லோருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் சேதி வந்தது. கோமளாவுக்கு வீடு உறுதி. மற்ற பதிமூன்று பேருக்கும் நிராகரிப்பு: ஒரே இடத்திலிருந்து வந்த போலி மனு. முறையீட்டுக்குப் பத்து நாள்.

இப்படி ஒரு சேதி வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்தார்கள். பத்து நாளில் முதல் இரண்டு நாள் கோமளாவுக்கே காரணம் விளங்கவில்லை. மூன்றாம் நாள் கடையில் பழைய காலண்டர் தாள் ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுக்குள் கூப்பிடுகிற பேர், ஊருக்குத் தெரிந்த அட்ரஸ். வீட்டுக்குள் நூற்றி இரண்டு, நூற்றி மூன்று என்று தனித்தனிப் பேர் இருக்கலாம். ரவுட்டரைத் தாண்டி வெளியே போனால் பதினாலு வீட்டுக்கும் ஒரே ஐபி. கம்பெனியின் கம்ப்யூட்டர் முதலில் வந்ததை நிஜம் என்று எடுத்துக்கொண்டு, மீதியைப் போலி என்று தள்ளிவிட்டது.

ஓடிவந்து அதைச் சொன்னாள். அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னாள். தேவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். லாரி ஓட்டுகிறவன், லயத்தில் நாலு எழுத்துப் படித்தவன்.

"எல்லாருக்கும் ஒரே அட்ரஸுன்னா ஒங்களுக்கு மட்டும் எப்படிக்கா கெடச்சுது?"

"நான் மொதல்ல போட்டேன் தேவா."

"அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் மொதல்ல போட்டீங்க?"

அவளை முதலில் போடச் சொன்ன முனியாயி அங்கேதான் நின்றாள். தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். அன்று சாயங்காலம் பாராங் கத்தியை எடுத்துவந்து தன் வீட்டுக் கேபிளைத் தாழ்வாரத்திலேயே ஒரே வெட்டாக வெட்டிப் போட்டாள். மறுநாள் காலை கோமளா பழக்கத்தில் பிங் அடித்தாள். நூற்றிப் பதினாலுக்குப் போன நாலு பாக்கெட்டும் திரும்பி வரவில்லை. திரையில் நாலு வரி, நாலும் ஒரே வரி. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

முறையீடு என்று ஆறு மின்னஞ்சல் போட்டாள். தானாக வருகிற நன்றிக் கடிதம்தான் ஆறு தடவையும் வந்தது. தொலைபேசியில் ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். நாலை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்ததும் கட் ஆனது. இப்படியே ஒன்பது நாள் போய், பத்தாவது நாளான வியாழக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணியோடு கதவு மூடிவிடும். கோமளா கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பழைய காடியை ஓட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்குக் கிளம்பினாள்.

வீட்டுத் திட்ட அலுவலகம் கிளேபாங்கில், கடற்கரைச் சாலைக் கடைவரிசையின் மாடியில் இருந்தது. ஒன்பது மணிக்கு நம்பர் சீட்டு எடுத்தாள். பதினொன்று நாற்பதுக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அதற்குள் அவள் வாய் காய்ந்து, சொல்ல வந்ததைத் தனக்குள்ளேயே இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் கிருபாலன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், யாழ்ப்பாண வழி வந்தவர் என்பது பேசும்போது தெரிந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"சிஸ்டம் என்ன சொல்லுது பாருங்கோ. சனிக்கிழமை பத்து முப்பத்தொண்டுக்கு முதல் மனு. அதுக்குப் பிறகு ஒன்பது நிமிஷத்துக்கு ஒண்டு. பதினாலும் ஒரே ஐபி. ஏஜெண்டுகள்தான் இப்படி மொத்தமாப் போடுவினம். அதைப் பிடிக்கத்தான் இதை வச்சிருக்கு."

"நாங்க ஏஜெண்ட் இல்ல சார். எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம், அதான் ஒரே நேரத்துல..." என்று இழுத்தாள்.

அவர் மறுபடி நேரத்தைப் பார்த்தார். "சனிக்கிழமை பத்தரை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "ராகு காலம் முடிய விட்டுத் தொடங்கியிருக்கிறியள்."

கோமளா தலையை ஆட்டினாள். அவமானமாக இருந்தது.

"சார், தோட்டத்துல முன்ன கடுதாசி எப்படி வரும்? அவங்கவங்க வீட்டுக்கா வரும்? எல்லாம் ஆபீஸ் அட்ரஸுக்குத்தான் வரும். கிராணி பிரிச்சுக் குடுப்பாரு. ஒரே அட்ரஸுக்கு நூறு கடுதாசி வந்துச்சுன்னு அங்க ஒரே ஆளா இருந்தாங்க? நம்ம ரவுட்டரும் அப்படித்தான் சார். உள்ள பதினாலு வீடு இருக்கு. வெளிய இருந்து பாத்தாத் தெரியாது."

கிருபாலன் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்ரை அப்பா ஜாசின் பக்கம் கிராணியா இருந்தவர்" என்றார். "நீங்க சொல்றது எனக்கு முழுக்க விளங்குது அம்மா. சிஸ்டத்துக்கு விளங்க வைக்கிற பட்டன்தான் என்னட்ட இல்லை."

"வேற வழியே இல்லையா சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்டு இருக்கு. இதை உங்களுக்குக் காட்டாமலே விட்டிருக்கலாம். ஏஜெண்டே வந்து, இந்த மனுக்களை நான்தான் மொத்தமாப் போட்டேன் எண்டு கையெழுத்து வச்சா, மற்ற ஆட்களுடைய பூட்டை நான் திறக்கலாம். அவை மறுபடி போடலாம். இண்டைக்கு அஞ்சு மணிக்குள்ள."

"ஏஜெண்ட்?"

"ஏஜெண்டுக்கும் அவருடைய குடும்பத்துக்கும் அஞ்சு வருஷத்துக்கு மனுப்போட ஏலாது. கிடைச்ச வீடும் ரத்து."

கோமளா தாளைப் பார்த்தாள். மலாயில் ஐந்து வரி. கீழே ஒரு கோடு. ஐந்து வருடம் கழித்து மனுப்போட அந்தத் திட்டமே இருக்காது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன் சார்" என்று மாடிப்படிக்கு வந்தாள்.

வீட்டு வைஃபை வழியாகப் போன அழைப்பைச் சேகரன் முதல் மணியிலேயே எடுத்தான். காலையிலிருந்து போனை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தான். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கீழே சாலையில் தேங்காய் ஷேக் கடைக்கு முன்னால் ஆட்கள் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"போடாத" என்றான் சேகரன்.

"பதிமூணு வீடுங்க."

"பதிமூணு வீட்லயும் நடக்கறவன் ஒருத்தனாச்சும் இருக்கான். ஓடியாடி எங்கயாவது வாடகைக்குப் புடிப்பாங்க. நான் எங்க போவேன் கோமளா? கட்டிலோட என்னத் தூக்கிட்டு எந்த வீட்டுல ஏறுவ? ஒரு வாரமா ஒன்னத் திருடின்னாங்களே, அதுல ஒருத்தனாவது வந்து எனக்குத் தண்ணி குடுத்தானா?"

அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் கோமளாவுக்குத் தாங்கவில்லை. தன்னுடைய லைன், தன்னுடைய சுவிட்ச், பயமே வேண்டாம் என்று சொன்ன தன்னுடைய வாய். நம்பி வந்தவர்களைத் தன் வீட்டு முன்னறையிலேயே உட்கார வைத்து, ஒவ்வொருவராகத் தெருவில் தள்ளியவள் அவள். வேண்டுமென்று செய்யவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு அந்தப் புது வீட்டில் விளக்கேற்ற முடியும்?

"கோமளா, கேக்குதா? போடாத."

"கேக்குதுங்க" என்று சொல்லி போனை வைத்தாள். உள்ளே போனாள். போட்டாள்.

கிருபாலன் பதிமூன்று ஐசி எண்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். கடைசியில் எச்சரித்தார். ஒரே ஐபியிலிருந்து இரண்டாவது மனு வந்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும், இந்தத் தடவை திறக்க யாராலும் முடியாது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே ஐபிதான், இங்கே போடவும் வழியில்லை. போன் டேட்டாவில் போட்டாலும் ஆயிரம் பேரை ஓர் அட்ரஸுக்குள் அடைத்திருப்பார்கள், அந்த வம்பும் வேண்டாம். கையெழுத்துத் தாளின் நகலை அவளிடம் நீட்டியபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காடியில் ஏறிய பிறகுதான் வழி தோன்றியது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் வெளியே வேறு ஐபி வாங்கிக்கொண்டு வரும். கடையில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அணை, போடு, ஒரு மனு. அணை, போடு, இன்னொரு மனு. பதிமூன்று தடவை. மலாக்காவை விட்டு வெளியே வருவதற்குள் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் மணியைப் பார்த்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது இரண்டு பத்து.

"எல்லாரும் வாங்க, மறுபடி போடலாம்" என்று வாசலில் நின்று கத்தினாள். காலை வேலை முடிந்து எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. தேவன் வீட்டில் டிவி சத்தம் கூடியது. கோமளா ஒவ்வொரு வீடாக ஓடினாள். மூன்றாம் வீட்டில் பாதி திறந்த கதவைப் படீரென்று சாத்தினார்கள். நாலாம் வீட்டில், போதும்லா உன் உதவி என்றார்கள். கடைசி வீட்டு வாசலில் வெட்டிய கேபிள் அப்படியே தொங்கியது. மணி இரண்டே கால். தன் வீட்டைக் கொடுத்தாயிற்று, கொடுத்ததை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிறகு சட்டென்று திரும்பி நடந்தாள். நேரே உள்ளே போய் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கினாள்.

பன்னிரண்டு வீட்டில் டிவியும் போனும் ஒரே நொடியில் நின்றன. ஒரு நிமிடத்தில் லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது, சண்டை போட. தேவன்தான் முன்னால் வந்தான். கோமளா பேசவில்லை. நகல் தாளை அவன் கையில் வைத்தாள். அவன் ஐந்து வரியையும் படித்தான். மறுபடி படித்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறக்க வந்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப வேணாம் தேவா. நேரமில்ல. வரிசையா நிக்கச் சொல்லு. போன் கையில இருக்கணும், ஆறு நம்பர் ஒண்ணு வரும்."

தேவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்து, "வீடு வேணும்னா வரிசையா நில்லுங்க" என்று மட்டும் சொன்னான். அவன் குரலில் என்ன கேட்டதோ, நின்றார்கள்.

கோமளா முன்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். "போட்டுட்டேங்க" என்றாள் மெதுவாக. சேகரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை ஸ்கேன் செய்த தாள்களெல்லாம் அவளிடமே இருந்தன. ஆனால் ரகசிய எண் அவரவர் போனுக்குத்தான் வரும். லயத்தில் சிக்னல் ஒரு கோடு கிடைப்பது எதிரே மாமரத்தடியில். ஆள் மரத்தடியில் நிற்க வேண்டும், எண் வந்ததும் அங்கிருந்தே கத்த வேண்டும். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத் தொடங்கினாள், முதல் மனு தேவனுடையது. அனுப்பியாயிற்று. எழுந்து, கட்டிலைச் சுற்றிப் போய், ரவுட்டரை அணைத்து, பத்து எண்ணி, போட்டு, வெளியே என்ன ஐபி வந்திருக்கிறது என்று பார்த்து, மாறிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள். முழுதாகப் பதினாலு நிமிடம். கணக்குப் போட்டாள். இப்படிப் போனால் இரண்டு வீடு விடுபட்டுப் போகும்.

இரண்டாவது மனுவை அனுப்பிவிட்டு எழப் போனபோது க்ளிக் என்று சத்தம் கேட்டது. சேகரன் சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் தலைக்கு மேலே நீட்டி ரவுட்டரை அணைத்திருந்தான். உதடு அசைந்தது. பத்து எண்ணினான். போட்டான்.

அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. அனுப்பியதும் "ம்" என்பாள், அவன் அணைப்பான். பச்சை விளக்கு நின்று எரிந்ததும், "அடுத்தது யாரு?" என்பான். அவள் பேரைச் சொல்வாள். வேறு பேச்சு இருவருக்கும் இல்லை. ஒருமுறை பழைய ஐபியே திரும்பி வந்துவிட்டது, மறுபடி அணைத்துப் போட வேண்டியதாயிற்று. ஒருமுறை மாமரத்தடியிலிருந்து வந்த எண் காற்றில் போய்விட்டது, நேரம் கடந்து வேறு எண் கேட்க வேண்டியதாயிற்று. நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மற்ற நாளாக இருந்தால் முதல் இடிக்கே எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவாள். போன வருடம் மின்னலில் ஒரு மோடம் கருகியிருக்கிறது. இன்று கழற்றவில்லை. கடவுளே இந்த ஒரு மணி நேரம், இந்த ஒரு மணி நேரம் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். பேர்களில் எழுத்து மாறி, திருத்தித் திருத்தி அனுப்பினாள்.

நாலு நாற்பத்தைந்துக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. மழை கொட்டியது. முனியாயி இன்னும் வரவில்லை. தேவன் நனைந்துகொண்டே கடைசி வீட்டுக்கு ஓடி, எதையோ சொல்லி, கையைப் பிடித்து இழுத்து வந்தான். கிழவி உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள். போனைத் தேவன் வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனான். மழைச் சத்தத்தில் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, விரலைக் காட்டிக் காட்டிக் கத்தினான். நாலு ஐம்பத்திரண்டுக்குத் திரையில் வந்தது: மனு ஏற்கப்பட்டது.

கோமளா மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள். முகம் மட்டும் கழுவ வேண்டும்போல் இருந்தது.

"ம்" என்றாள், பழக்கத்தில்.

முனியாயி வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று தேவன் யாரிடமும் சொல்லவில்லை. கோமளாவுடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் புதிதாகப் போடுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"எல்லார்துக்கும் போட்டியே, ஒன்னோடத போட்டியா?" என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் கோமளாவிடம் பேசிய முதல் பேச்சு அது. "மொதல்ல ஒன்னோடதத்தான போட்டிருக்கணும்."

தேவன் திரும்பி மழையைப் பார்த்தான்.

க்ளிக் என்றது. சேகரன் ரவுட்டரை அணைத்திருந்தான். முகம் இப்போது சுவர்ப்பக்கம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணினான், போட்டான். விளக்கு சிவந்து, மினுக்கி, கொஞ்ச நேரம் யோசித்து, பச்சையாக நின்றது. யாருடையதும் அல்லாத ஒரு புது அட்ரஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

"அடுத்தது யாரு?" என்றான் சேகரன்.

கோமளா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மிச்சமிருந்த ஒரே பேர் அவளுடையது, அதைத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"பதிமூணும் முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

அவன் கையை ரவுட்டர் பட்டனிலிருந்து எடுக்கவில்லை.